எட்டு மில்லிமீட்டர்

மூலைக்கரைப்பட்டி மருந்தகத்தில் பத்தரைக்கு மின்சாரம் போகும்.
அதற்குள் பார்த்துவிட வேண்டும்.
இடது கை தோள்வரை உறைக்குள்,
உறை பசுவுக்குள்,
விரல்நுனியில் ஸ்கேன் கருவியின் மூக்கு.
திரையில் சாம்பல் நிறச் சூலகம்,
அதில் கறுப்புப் பொட்டுகள்.

"கன்னு போட்டு அஞ்சு மாசம், ஒருக்கா கூட கத்தலியே.
அது என்னம்மா, பூரா ஓட்டையா?"
சுடலைவடிவு கழுத்தை நீட்டிப் பார்க்கிறாள்.

ஓட்டை இல்லை, நீர்ப் பை.
ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு முட்டை.
மூளைக்கு அடியில் புளியங்கொட்டை போல ஒரு சுரப்பி
மடை திறக்கும்.
பத்துப் பதினைந்து பைகள் சேர்ந்து குடிக்கும், சேர்ந்து பருக்கும்.
எட்டு மில்லிமீட்டரை முதலில் தொட்டது எதுவோ
அது மேலே சேதி அனுப்பும்:
போதும், அடை.
மற்றதெல்லாம் வாடும்.
அடைக்கச் சொன்னதற்குத் தாகம் இருக்காது,
அதற்குள் அது தனிக் கிணறு வெட்டியிருக்கும்.

"தலைமடைக்காரன்" என்றாள்.
அவள் வயல் கடைமடையில்.
குளம் பெருகினால்தான் நனையும்.

அவனும் நிலைப்பதில்லை, சுடலைவடிவு.
மஞ்சள் கட்டி ஒன்று சூலகத்தில் உட்கார்ந்திருந்தால்
எவ்வளவு பருத்தாலும் வெடிக்காமல் சுருங்கிப்போவான்.
அடுத்த அலை எழும்.
இருபத்தோரு நாளில் இரண்டு,
சில பசுவுக்கு மூன்று.

"அது நியாயம்லா" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
இந்தத் திரையில் தலைமடைக்காரனே இல்லை.
நாலு, ஐந்து, நாலரை.
ஒன்றும் எட்டைத் தொடவில்லை. மஞ்சள் கட்டியும் கிடையாது.
பசுவின் இடுப்பெலும்பில் துண்டு தொங்கப்போடலாம்.

"வைக்கோல்?"
"கேரளா லாரியில ஏத்தியாச்சு. பீசு கட்டணும்லா."

முதல் நாள், ஏழாம் நாள், ஒன்பதாம் நாள்:
ஊசிகளின் அட்டவணை மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடக்கிறது.
வெற்று வயிற்றைக் குத்தி என்ன செய்ய?
பாலுக்குப் போனது போக மிச்சம் இருந்தால்தான்
மூளை அடுத்த கன்றுக்குத் துடிப்பு அனுப்பும்.
"முதல்ல தீவனம். ஊசி பொறவு" என்றேன்.
சம்பளம் வாங்குகிறவளுக்கு
சொல்ல எளிதான வாக்கியம்.
அவள் பதில் சொல்லவில்லை, கயிற்றை அவிழ்த்தாள்.
உறையைக் கழற்றுமுன் மின்சாரம் போனது.

ஐப்பசிக் கடைசி. விடிகாலை நாலு மணிக்கு போன்.
"டாக்டரம்மா, ஒரே கத்து. ஊரே முழிச்சுட்டு.
வழும்பு கண்ணாடி மாதிரி தொங்குது!"
ஊசியே போடவில்லையே.
"தீவனத்துக்கு என்ன செஞ்ச?"
கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும்.
"தலைமடைக்காரன் வரப்புல புல்லு.
ராத்திரிக்கு ராத்திரி."

சாயங்காலம் கூட்டி வா என்றேன்.
இப்பவே வந்தால் என்ன என்றாள்.
முட்டை இறங்க இன்னும் ஒரு பகல் இருக்கிறது, பொறு.

அவள் போனை அணைக்க மறந்திருந்தாள்.
பசு கத்தியது.
தூரத்தில் மடைப் பக்கம்
இரண்டு பேர் மண்வெட்டியோடு
வைதுகொண்டிருந்தார்கள்.