உண்மை நகல்

டப்ளினிலிருந்து கடிதம் வந்தது. நாலே வரி.
தாங்கள் கேட்ட உயில்
1922-இல் ஆவணக் காப்பகம் பற்றியெரிந்தபோது
அதனோடு போய்விட்டது.
அட்டவணையில் பெயர் மட்டும் இருக்கிறது. வருந்துகிறோம்.

கட்டிய பணத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.
சாம்பலுக்கு நகல் கட்டணம் கிடையாது போல.

கொர்னீலியஸ் மெக்கென்டி, ட்ரம்லோன், குடியானவன், 1809.
ஒரு ஆளை இதைவிடச் சிக்கனமாக
யாரும் புதைத்திருக்க முடியாது.

நான் பால் லாரி ஓட்டுகிறவன்.
விடியுமுன் கேவன் பக்கத்துப் பண்ணைகளில்
குழாயை மாட்டிப் பால் ஏற்றிக்கொண்டு போவேன்.
ட்ரம்லோன் என் வழியில்தான்.
எது அவர் வயல் என்று தெரியாததால்
எல்லா வேலியருகிலும் கொஞ்சம் வேகம் குறைப்பேன்.
தினமும் பத்து நிமிடம் தாமதம்.
மேலாளரிடம் பனிமூட்டம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்,
ஜூன் மாதத்திலும்.

வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா ஐட்டா ஹாலரன்தான் கேட்டாள்:
"எரிந்தது மூலம்தானே?
உங்கள் குடும்பத்தில் யாராவது கோர்ட்டுக்குப் போனதுண்டா?"
போகாதவர் யார் என்று கேளுங்கள், என்றேன்.
"அப்படியானால் நம்பிக்கை இருக்கிறது.
ஒற்றுமையாய் இருந்த குடும்பங்களுக்குத்தான்
ஒரு காகிதமும் மிஞ்சவில்லை."

மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது.
மாடியில், உடைந்த ஹீட்டருக்குப் பின்னால்,
ஒரு தகரப் பெட்டி.
மெக்கென்டி எதிர் மெக்கென்டி, 1834.
அண்ணன் தம்பி வழக்கு.
சாட்சியமாக உயிலின் நகல்.
ஓரத்தில் எலி கடித்திருந்தது.

மூத்தவன் பாட்ரிக்குக்கு வீடும் மேட்டு வயலும்.
இளையவன் ஃபீலிமுக்குக் கரி வெட்டும் சதுப்பும்,
அதற்குப் போகும் வழியும்.
கீழ் வயலின் குத்தகை உரிமை
என் மகள் ரோஸுக்கு,
அவள் திரும்பி வந்தால்.
சிவப்புப் பசுவும் கம்பளிகளில் அவள் விரும்பும் ஒன்றும்.

ரோஸ்?
எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை அந்தப் பெயரை.
நான் வரைந்த வம்ச மரத்தில்
அந்த இடத்தில் கிளையே இல்லை.

இருபத்தைந்து வருடம்
"வந்தால்" என்ற ஒரு சொல்லைச் சுற்றி வேலி போட்டுவிட்டு
அண்ணனும் தம்பியும் காத்திருக்கிறார்கள்.
பிறகு பொறுமை போய் வக்கீல் வைத்திருக்கிறார்கள்.
அவர்கள் அடித்துக்கொண்டது அசிங்கம்தான்.
ஆனாலும் பாட்ரிக், ஃபீலிம், உங்கள் இருவருக்கும்
நான் நன்றி சொல்லியாக வேண்டும்.
நீங்கள் பெருந்தன்மையாய் இருந்திருந்தால்
அவளும் அந்தத் தீயில் போயிருப்பாள்.

கடைசியில் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி.
நகல் எடுத்தவன் அந்தக் கீறலையும்
தன் அழகான கையால் நேராக்கி வைத்திருக்கிறான்.
கீழே: "இது உண்மை நகல்."
அவர் கை நடுங்கியதா என்பது மட்டும்
எந்த நகலிலும் இல்லை.

அவள் எங்கே போனாள் என்பது
எலி தின்ற ஓரத்தில் இருந்திருக்க வேண்டும்.
"...க்குப் போன என் மகள்" என்றுதான் வரி தொடங்குகிறது.
லிவர்பூலா? பாதி உலகமா?
அடுத்த விண்ணப்பத்தை எந்த ஊருக்கு அனுப்புவது
என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இப்போது ஒரே ஒரு கேட்டருகில்தான் வேகம் குறைக்கிறேன்.
கோரை மண்டிய கீழ் வயல்.
மால்கி ட்ரம் என்பவருடைய பதினாறு மாடுகள் அங்கே மேய்கின்றன.
அவர் பாலும் என் டாங்கிக்குத்தான் வருகிறது.
இன்று காலை சீட்டில் அளவு எழுதும்போது
பேனா நின்றது.

"என்ன, கணக்கு தப்பா?" என்றார்.
இல்லை, சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு லிட்டர்,
ரோஸுடைய புல்.