பால் இல்லாமல் ஒரு கோப்பி

தெம்பனிஸில், எங்கள் புளோக்கின் கீழ்க் கடையில்
இரவு பதினொன்றுக்கு ஒரு கோப்பி ஓ.
பால் இல்லாமல்.
ஹஸ்னிஸாவின் மலாய்க் கதையை விரிக்கிறேன்.
பன்னிரண்டு பக்கம். ஆள் ஒன்றுதான், நூர்.
வயது பத்தொன்பது, கோப்பை கழுவும் வேலை,
கடைசிப் பேருந்து, வீடு.
அவ்வளவுதான் கதை.

'டியா' என்கிறது மலாய்.
மழைக்கோட்டு மாதிரி
யார் போட்டாலும் பொருந்துகிறது.
என் தமிழோ
வாக்கியம் முடியும் வரை பேசாமல் இருந்துவிட்டு
கடைசி எழுத்தில் கையைப் பிடிக்கிறது:
ன்-ஆ, ள்-ஆ, சொல்லிவிட்டுப் போ.

இதே கதையைச் சீனத்தில் ஆக்கும்
ஜியா யிங்கின் கவலை வேறு.
"வாயால் சொன்னால் தப்பிவிடுவேன்,
எழுதினால் மாட்டிக்கொள்வேன்."
ஒலி ஒன்று, எழுத்து இரண்டாம்.
எனக்கு இரண்டு வழியும் அடைப்பு.

'அவர்' போட்டுப் பார்த்தேன்.
மேசை துடைத்த பிள்ளைக்குச்
சட்டென்று நாற்பது வயதாகி
கையில் ஒரு கோப்பும் வந்துவிட்டது.
'அது' போட்டேன்.
கடைப் பூனை நிமிர்ந்து பார்த்தது.

ஹஸ்னிஸாவுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன்:
நூர் ஆணா, பெண்ணா?
கோப்பி ஆறிய பிறகு வந்தது பதில்.
ஆங்கிலத்தில் வந்ததை
எனக்குள் தமிழில்தான் படித்தேன்.
"கேட்கவில்லை. நூரும் சொல்லவில்லை."

அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.
வந்தான், வந்தாள் என்று பிரிக்கிற மொழி
வராதோரை மட்டும் பிரிப்பதில்லை.
வரவில்லை. உண்ணவில்லை. உறங்கவில்லை.
இத்தனை வருஷம் பேசியும்
இது என் கண்ணில் படவில்லை.

அன்றிரவு நூரை இல்லைகளால் எழுதினேன்.
நூர் நிமிரவில்லை. நூர் பேசவில்லை.
முதலாளி திட்டியதற்கு அழவில்லை.
விடிந்ததும் படித்தால்
பன்னிரண்டு பக்கமும்
எதுவுமே செய்யாத ஒரு பிள்ளை.
தொட்டியில் கழுவாத கோப்பைகள்
மலையாக.

பிறகு பசியைக் கொடுத்தேன்.
நூருக்குப் பசித்தது. நூருக்குக் கால் வலித்தது.
மழை வாசம் நூருக்குப் பிடிக்கும்.
பசிக்குப் பால் இல்லை,
இலக்கணத்திலும்.

பதிப்பாசிரியர் திருமாறன், நல்லவர்,
சிவப்பு மையில் கேட்டிருந்தார்:
வாசகர் குழம்ப மாட்டாரா?
மலாய் வாசகர் குழம்பவில்லையே என்று
ஓரத்தில் எழுதினேன்.
அதை அடித்துவிட்டு எழுதினேன்:
கொஞ்சம் குழம்பட்டும்.

கடைசி வாக்கியம், 'டியா பூலாங்.'
இரண்டே சொல். மூன்று நாள் தின்றது.
திரும்பினான் கூடாது, திரும்பினாள் கூடாது,
திரும்பவில்லை என்றால் கொலை.
மூன்றாம் நாள் மின்தூக்கியில்
ஏழாம் மாடி சுகுணவல்லி கைப்பேசியில்
"வந்தாச்சா? சாப்பிட்டாச்சா?"
அந்தப் பக்கம் மகனா, மகளா, மாமியாரா,
நீயென்பதா நீங்களென்பதா என்று
இன்னும் முடிவாகாத சம்பந்தியா,
கதவு திறக்கும் வரை தெரியவில்லை.
நின்றபடியே
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்:
நூர் வீட்டுக்கு வந்தாச்சு.

அச்சுக்கு முன் மெய்ப்புப் பார்த்தேன்.
ஒன்பதாம் பக்கம்,
பூனைக்கு நூர் மீன்தலை போடும் இடம்.
யாரும் கேட்காமலே
என் கை எழுதி வைத்திருக்கிறது,
சிரித்தான்.

திருமாறன் கண்ணிலும் படவில்லை.
மீசை கூட அரும்பியிருக்கும்,
அத்தனை நாளும் என் மனசில்.

அடித்துத் திருத்தினேன்:
நூருக்குச் சிரிப்பு வந்தது.

எனக்கு வரவில்லை.