சேதாரம் இல்லை

தை எட்டாம் தேதி நகைக்கடைத் திறப்பு.
இருபதுக்குப் பத்து, நான்கு ஃப்ளெக்ஸ்.
வாட்ஸப்பில் வந்தன படமும் பெயரும்.
படம் எளிது.
பின்னணியை வெட்டியெடுத்து
ஹரித்ரா நதிக் குளத்தின்மேல் அவளை நிறுத்த
பதினோரு நிமிடம் ஆனது எனக்கு.

பெயர்தான்
எக்ஸில் தொடங்கியது.
பக்கத்தில் ஒரு ஹெச்,
யார் வீட்டுச் சொந்தமென்று தெரியாமல்
கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த ஆள்போல.
கடைசியில் இரண்டு ஏ.
எண்கணிதக்காரர் சேர்க்கச் சொன்னாராம்,
அதற்கப்புறம்தான் படம் ஓடியதாம்.

'ஸேத்ரா' என்று அடித்தேன்.
முதலாளி மகன் குலோத்துங்கன்
'ஷேத்ரா' என்றான்.
அவன் தங்கை பெங்களூரிலிருந்து போனில்
'க்ஸே, க்ஸே, மூச்சு விடாமச் சொல்லுங்கக்கா' என்றாள்.
சொன்னேன்.
கீபோர்டில் எச்சில் விழுந்தது.
ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்து
'க்ஷேத்ரம்னு கோயில் போர்டுல இருக்கேம்மா, அதேதான்' என்று
இரண்டு ரூபாயை வைத்துவிட்டுப் போனார்.

க்ஷ.
என் மென்பொருளில் அது உடைந்து
க் ஒரு கரை, ஷ ஒரு கரை,
நடுவே பாமணி ஆறு போகலாம்.
இழுத்து ஒட்டவைக்கவே
ஓர் இரவு போயிற்று.

பின்பெயரைக் கேட்காதீர்கள்.
வ்யஷ்ட்.
உயிரில்லாமல் முடியும் பெயர்.
ஓர் 'உ'வோ 'இ'யோ ஊட்டாமல்
நம் ஊர் நாக்கு அதை அனுப்பி வைக்காது.

மைக் ஆட்டோ அந்தோணிதுரைக்குச்
சீட்டில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.
வடுவூர்வரை 'சேத்ரா'வாக இருந்தாள்.
மறுநாள் நீடாமங்கலம் ரயில்வே கேட்
மூடிக் கிடந்த நாற்பது நிமிடத்தில்
சொல்லிச் சொல்லித் தேய்ந்து 'சேதாரா' ஆனாள்.
கோட்டூர்க் கடைத்தெருவில்
'செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை,
வருகிறார் சேதாரா வேஷ்டி!'
கீரைக்கட்டோடு ஒருத்தி ஆட்டோவை நிறுத்தி
வேஷ்டி எல்லாருக்கும் உண்டா,
நகை வாங்கினால்தானா என்று கேட்டாளாம்.

நாலு மணி நேரம் தாமதமாக வந்தாள்.
மைக்கைப் பிடித்து
'ஐ லவ் யூ மணர்கூடி' என்றாள்.
விசில் பறந்தது.
மூன்று நாளாய் என் க்ஷவில்
கொம்பு எங்கே கால் எங்கே என்று
குற்றம் பார்த்த அதே கூட்டம்.

உள்ளே வருகைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டாள்.
ஒரு சுழி. ஒரு நீள இழுப்பு. அடியில் இரு புள்ளி.
எக்ஸ் இல்லை. ஹெச் இல்லை.
காசு கொடுத்து வாங்கிய
இரண்டு ஏவில் ஒன்றுகூட இல்லை.

துணிந்து கேட்டேன்,
உங்கள் பெயரை எப்படிச் சொல்வது?
சிரித்தபடி மேனேஜரைப் பார்த்தாள்.
அவர் சொன்னார்.
நான் அடித்த எதுவும் போல
அது இல்லை.

மாசியில் பருவம் தப்பிய மழை.
கொள்முதல் நிலையத்து வாசலில்
ஆறு நாளாய்க் கிடக்கிறது நெல்.
இருநூறு ரூபாய்க்குக் கடையில்
பழைய ஃப்ளெக்ஸ் வாங்கிப்போயிருந்தார் நீலமேகம்.
ஸ்கூட்டியை ஓரங்கட்டி நனைந்துகொண்டு நின்றேன்.
'ஏய், சேதாராவ அந்தப் பக்கம் இழு,
மூலை நனையுது பாரு!'
நாலு பேர் இழுத்தார்கள்.
வ்யஷ்ட் மடிந்து சேற்றுக்குள் போனது.
என் க்ஷ மட்டும்
ஒட்டிய இடம் விடாமல்
குவியலின் உச்சியில்,
மேலே ஒரு கை தண்ணீர் தேங்கி.

காலையில் ஈரப்பதம் பார்த்தவர்
பதினேழு என்றார்,
எடுத்துக்கலாம் என்றார்.
எழுத்தை யாரும் பார்க்கவில்லை.