கீழேயிருந்து மூன்றாவது வரி

சாகாமம் வீதியில் என் கடை.
போன் கவர், சார்ஜர், ரீலோட்.
தெரிந்த ஆட்களுக்கு மட்டும் பென்டிரைவில் படம்,
நிரப்பித் தர இருநூறு ரூபா.
களவென்று தோன்றியதில்லை,
கூரைத் தண்ணியை வாளியில் பிடிக்கிற மாதிரித்தான்.

ஜவ்பர் காக்காவுக்கு எல்லாமே ஹிந்தியில் வேண்டும்.
கொரியப் படம், ஹிந்தியில். துருக்கிப் படம், ஹிந்தியில்.
தமிழில் இருக்கு காக்கா என்றால்
கண் வெளுத்த மீனைப்போல் தள்ளிவிடுவார்.
தம்மாமில் பதினொரு வருசம்
எட்டுப் பேர் அறை, ஏழு பேர் ஹிந்தி.
காய்ச்சலில் தண்ணி கேட்டபோதும்
'பானி' என்றுதான் வாயில் வந்ததாம்.

போன மாசம் பிரிஜேஷின் குரல் மெசேஜ்:
அடுத்த கட்டில்காரன், இப்போது மும்பையில்.
ஒரு ஸ்பானியப் படத்தில்
லிஃப்ட்காரனுக்குக் குரல் கொடுத்தானாம்.
நாலே வசனம்.
கடைசியில் பெயர் வருமாம்.

நான் கொடுத்த கொப்பியில்
கதாநாயகி கதவைச் சாத்தியதும் திரை கறுப்பு.
பெயர்களை யாரோ
இறால் தலைபோலக் கிள்ளி எறிந்திருந்தார்கள்.

"ஒழுங்கான வழி ஒண்டும் இல்லையா மனே?"

எனக்கும் தெரியாது.
அவருடைய வங்கி அட்டை கடல் தாண்டாது;
ஒரு படிவம், இரண்டு கையெழுத்து, மூன்று நாள்.
மாசக் காசு கேட்ட இடத்தில் படம் இருந்தது, ஹிந்தி இல்லை.
மற்றதில் ஹிந்தி இருந்தது,
'உங்கள் நாட்டில் கிடைக்காது' என்றது.
இன்னொன்று இலவசம்,
சவர்க்கார விளம்பரத்துக்கு நடுவே பழைய படங்கள் மட்டும்.
மறுகா கிடைத்தது:
அந்த ஒரு படத்துக்கு மட்டும் வாடகை,
நாற்பத்தெட்டு மணித்தியாலம்,
ஒரு கொத்து ரொட்டியின் விலை.

இரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பார்த்தோம்.
லிஃப்ட் திறந்தது.
"எத்தனையாம் மாடி, ஸாப்?"
காக்கா என் தோளில் ஓங்கி அடித்தார்.
"அவன்தான்! அந்த மூக்கடைப்பு!"
வேறு ஒன்றும் சொல்லவில்லை.
படத்தில் யார் யாரைக் கொன்றார்களென்று
எங்களுக்கு இன்னும் தெரியாது.

பெயர்கள் ஓடின.
சமைத்தவர், வண்டி ஓட்டியவர், நாயைப் பழக்கியவர்.
பிறகு ஹிந்திக் குரல்கள்,
ஹிந்தி எழுத்தில்.
பதினொரு வருசம் பேசியவருக்கு
ஓர் எழுத்தும் தெரியாது. எனக்கும்தான்.
திரையை நிறுத்திப் படமெடுத்து
மும்பைக்கு அனுப்பினார்: இதில் நீ எது?

கீழேயிருந்து மூன்றாவது வரி.

விரலை அதில் வைத்தபடி இருந்தார்.
மேலே கொடிமாதிரி ஒரு கோடு,
அதில் காயப்போட்ட எழுத்துகள்.

முப்பத்தொன்பது மணித்தியாலம் மிச்சம்.
"இன்னொருக்காப் போடு" என்றார்.

வெளியே ஒரு பொடியன்
பென்டிரைவால் ஷட்டரைத் தட்டுகிறான்.
நான் இன்னும் எழும்பவில்லை.