மோல்மீனுக்கு ஒரு மறுமொழிக் கூப்பன்

புரட்டாசிக் கடைசியில்
காரைக்குடிப் பையோடு வந்தது புதுத் தலை.
நூறு எண்ணம், ஒன்று இரண்டு ரூபாய்.
நீலத்தில் ஓர் உருண்டை, அதைச் சுற்றி
ஒரே கடிதத்தைக் கைமாற்றும் ஐந்து கைகள்.
எந்தக் கைக்கும் முகம் இல்லை.

கூடவே ஒரு சுற்றறிக்கை:
ஒரு நாட்டில் ஒட்டியதை
மற்ற நாடெல்லாம் மதிக்குமாம்,
தபாலுக்கு உலகம் முழுக்க ஒரே மண்ணாம்.
போஸ்ட்மாஸ்டர் படித்து முடித்து
அதன்மேல் டீ கிளாஸை வைத்தார்.

"இத்தாம் பெரிசா ஒட்டினா
விலாசத்தை எங்கே எழுத?"
அரிசி ஆலைக் கணக்கர் கேட்டார்.
பள்ளத்தூரில் யாரும் வாங்கவில்லை.
புழுக்கத்தில் பசை இளகி
தாளோடு தாள் ஒட்டிக்கொள்ள
முகப்பவுடர் தூவி வைத்தேன்.

சிகப்பி ஆச்சி மாதம் ஒருமுறை வருவார்,
பதினோரு மணி வெயில்
ஜன்னல் கம்பி தாண்டித் தராசுத் தட்டில் விழும்போது.
ஏவினால் ஓட ஆள் இருக்கும் வீடு.
ஆனாலும் தானே வருவார்.

மோல்மீன் கடிதம் எப்போதும்
'டி' முத்திரையோடுதான் வரும்.
தலை குறைவு என்று பொருள்.
குறைந்ததைப்போல் இருமடங்கு
வாங்குபவர் கட்ட வேண்டும்.
உறையின் ஓரம் கடலை பரப்பியதுபோல் வட்ட எழுத்து,
கீழே ஆங்கிலத்தில்: டா ம்யா செய்ன்.

நான் வேலைக்குப் புதிது. ஒருமுறை
அந்தப் பெயரைச் சத்தமாக வாசித்துவிட்டேன்.
வரிசையில் நின்ற அத்தனை பேரும்
சுவரிலிருந்த சிறுசேமிப்பு விளம்பரத்தைப்
படிக்கத் தொடங்கினார்கள்.

அப்போதெல்லாம் கடிதம்
நாச்சியப்பன் பெயருக்கு வந்தது.
அவர் போன மாதம் வந்ததில்
'காலமானார்' என்று சிவப்பு மையால் எழுதித்
திருப்பி அனுப்பப் பேனாவைத் திறந்தேன்.
"அதை இங்கே கொடுங்க."
கொடுத்தேன்.
வாரிசுக்குத் தரலாம், விதி இருக்கிறது.
அடுத்த கடிதம் ஆச்சி பெயருக்கே வந்தது.
உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது.
உறையின் வெளிப்புறம் மட்டுமே எங்கள் இலாகா.

மூன்று வருடம். ஒரே ஒரு நாள்,
என்னைப் பார்க்காமல் தராசைப் பார்த்துச் சொன்னார்:
"அங்கே தலை வாங்கக் காசு பத்தலை போல."

மறுமொழிக் கூப்பன் என்று ஒன்று உண்டு என்றேன்.
இங்கே காசு கட்டி உறைக்குள் வைத்தால்
அங்கே அதைக் கொடுத்து
பதில் போடத் தலை வாங்கிக்கொள்ளலாம்.
"என் சர்வீஸ்ல ஒருத்தரும் கேட்டதில்லை"
என்றார் போஸ்ட்மாஸ்டர்.
படிவம் எழுதி, காரைக்குடிக்குப் போய்,
பன்னிரண்டு நாள் கழித்து வந்தது
பிரெஞ்சு அச்சிட்ட வெளிறிய தாள்.

ஆச்சி அதைப் புடவைத் துணிபோல்
விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.
"யாரு காசு கட்டினதுன்னு
அவுகளுக்குத் தெரியுமா?"
"பேர் இருக்காது ஆச்சி.
பள்ளத்தூர்னு முத்திரை மட்டும் விழும்."
சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
"அப்ப ஆறு கொடுங்க."

உறைக்குப் புதுத் தலையை நீட்டினேன்.
"இது யாரு கை?"
"அஞ்சு கண்டம்னு போட்டிருக்கு."
"அஞ்சு எதுக்கு? ரெண்டு போதாதா?"
ஈரப் பஞ்சில் ஒற்றித் தானே ஒட்டினார்,
கொஞ்சம் கோணலாக.
நான் முத்திரை குத்தினேன்.
வட்டத்தின் விளிம்பு நீல உருண்டையில்
தண்ணீர் இருக்கும் பக்கமாக விழுந்தது.
குறிபார்த்து அடித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

மீதித் தொண்ணூற்று ஒன்பதையும்
மார்ச்சில் காரைக்குடிக்கே திருப்பினோம்.
காரணம் என்ற கட்டத்தில்
'விற்பனை இல்லை' என்று எழுதினேன்.

அதற்கு முன்பே, தை பிறந்து நாலாம் நாள்,
மோல்மீனிலிருந்து ஒன்று வந்தது.
'டி' இல்லை. தலை முழுசாக,
தலைகீழாக ஒட்டியிருந்தது.

ஆச்சி வழக்கம்போல் சுருக்குப்பையை அவிழ்த்து
"எவ்வளவு?" என்றார்.
ஒன்றும் இல்லை என்றேன்.

பை திறந்தபடியே நின்றார்.
பின்னால் மணியார்டருக்கு நின்றவர்
இருமினார்.