எந்தத் தலைப்பின் கீழ்

கடிதத்தின் முதற்பக்கம் சிங்களம்.
இரண்டாம் பக்கம் ஆங்கிலம்.
மூன்றாவது ஒன்று இருந்திருக்க வேண்டும்,
பின் குத்திய துளை இருந்தது, தாள் இல்லை.
சந்திரலால் வாசித்துச் சொன்னான்,
இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்க்கும் மருந்துக்கடைக்காரன் குரலில்:
ஆண்டுக் கட்டணம் பத்து லட்சம்.
மார்கழி முப்பத்தொன்று கடைசி நாள்.
நாடு முழுக்கக் கேட்கிற கொழும்புக்காரனுக்கும் அதே தொகைதானாம்.

எங்கள் அலை திருக்கடலூரில்
ஐஸ் களஞ்சியத்தின் மொட்டைமாடியில் புறப்பட்டு
கோணேசர் மலையில் ஒருமுறை இடறி
கொட்டியாரக் குடாவின் நடுவில் களைத்துவிடும்.
மூதூரில் கேட்குது என்று தயாபரன் சத்தியம் பண்ணுவான்.
மூதூரில் இன்னும் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

நான் பொருளாளர்.
மரண அறிவித்தல் முந்நூறு ரூபா.
கல்யாண வாழ்த்து இருநூறு.
காணாமற்போன ஆட்டுக்குக் காசில்லை,
ஆடு கிடைத்தால் ஒரு போத்தல் பால் வரும்,
அதை நான் கணக்கில் எழுதுவதில்லை.
றிஸ்மியாவுக்குச் சம்பளம் இல்லை, கிண்ணியா பஸ்காசு மட்டும்.
அவள் ஒலிவாங்கியைத் திறந்தால் காற்றாடியை நிறுத்த வேண்டும்,
இல்லாவிட்டால் செய்திக்குள்ளே காற்றாடி புகுந்துவிடும்.
முட்டை மட்டை ஒட்டிய அறையில்
வியர்த்தபடி அவள் டெங்குவைப் பற்றிப் பேசுவாள்.

பத்து லட்சத்தை முந்நூறால் வகுத்தேன்.
மூவாயிரத்து முந்நூற்று முப்பத்துமூன்று பேர்
ஒரு வருடத்துக்குள் சாக வேண்டும்,
அப்படியும் நூறு ரூபா குறையும்.
கூட்டத்தில் இதை வாசித்தபோது யாரோ சிரித்தார்கள்.
பிறகு அவருக்கு இருமல் வந்தது.

சீமெந்துக் கொம்பனி ஒன்று முன்வந்தது,
மணிக்கொரு தடவை தன் பெயரைச் சொல்லச் சொல்லி.
உப்புவெளி ஹோட்டல் முதலாளி
மாலை நேரம் முழுவதையும் கேட்டார், வெள்ளைக்காரருக்குப் பாட்டுப் போட.
மாலையில்தான் காற்று நிலவரம் சொல்கிறோம் என்றேன்.
அதைக் காலையில் சொல்லலாமே, என்றார்.
காலையில் வள்ளம் கடலில் இருக்கும், ஐயா.

சங்கச் செயலாளர் நிக்சன்
றெஜிபோம் பெட்டியொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.
மீன் என்றுதான் நினைத்தேன்.
காசு. ஈரம், செதில் ஒட்டிய தாள்கள்.
மேசை முழுக்க விரித்துக் காயவைத்து எண்ணினோம்:
எண்பத்தோராயிரத்து நானூற்று அறுபது.
வங்கிப் பெண் மூக்கைப் பொத்தவில்லை,
அதற்காக அவளுக்கு நன்றி சொல்லத் தோன்றியது.

மன்னிப்புக் கோரி விண்ணப்பித்தோம், தவணை கேட்டோம்.
படிவத்தில் ஒரு கேள்வி:
நேயர்கள் எத்தனை பேர், ஆதாரத்துடன் தருக.
வாசலில் தினமும் படுத்திருக்கும் இரண்டு மான்களையும் சேர்க்கலாமா
என்று தயாபரன் கேட்டான்.
நகராட்சி வேலி மட்டும்தான் அவற்றுக்குப் பகை,
எங்கள் பாட்டுக்கு ஒருநாளும் எழுந்து போனதில்லை.

பதில் வரவில்லை.
மார்கழி முப்பத்தொன்று வந்தது.

பன்னிரண்டு அடிக்க ஒரு நிமிடம் இருக்கையில்
றிஸ்மியா வணக்கம் சொல்லவில்லை.
நாளைய அலை இரண்டரை மீற்றர், வாடை பலம் என்றாள்,
தயாபரன் ஆளியை இறக்கினான்.
வெளியே ஊர் முழுக்க வெடி.
அதற்குள்ளும் எனக்கு அந்த அறையின் சத்தம் கேட்டது:
யாரோ காற்றாடியைப் போட்டிருந்தார்கள்.

மூன்று மணிக்கு என் தொலைபேசி.
கெங்காதரன். கரையில் நிற்கிறாராம்.
அக்கா, ரேடியோ ஊமையாக் கிடக்குது, காத்து என்ன மாதிரி?

மாதா கோயில்காரர் அன்றைக்குக் கடலுக்குப் போவதில்லை.
மற்றவர்கள் பதினேழு வள்ளம்.
றிஸ்மியாவை எழுப்பினேன், இலக்கங்களைப் பங்கிட்டோம்.
பதினான்கு பேர் எடுத்தார்கள்.
ஒருவர் எடுத்து, தவறான இலக்கம் என்று ஏசினார்,
அவருக்கும் காற்றைச் சொன்னேன்.
இரண்டு மணியடித்து ஓய்ந்தன.

விடிந்ததும் பேரேட்டைத் திறந்தேன்.
தை ஒன்று. ரீலோட், எழுநூற்று ஐம்பது ரூபா.
ஒலிபரப்புச் செலவு என்று எழுதினால் குற்றம்.
தபாலும் தொலைபேசியும் என்று எழுதினால் பொய்.
பேனையைத் திறந்தபடி வைத்திருக்கிறேன்.
அந்த இரண்டு வள்ளமும் இன்னும் கரைக்கு வரவில்லை.