பதினெட்டுக் கிராம்

கரடிப்போக்குச் சந்தியில்
டயர்க்கடைக்கும் உரக்கடைக்கும் நடுவில்
கதிரை ஆறு, மெஷின் ஒன்று, நான்.
திறந்து எட்டு மாதம்.
வந்தவர்கள் சொன்னதையெல்லாம்
பில் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைக்கிறேன்.

முதல் நாள் ஓட்டோ தவநேசன்
கோப்பையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.
"தங்கச்சி, மிச்சம் எங்க?"
மிச்சம் இல்லை அண்ணை, அவ்வளவுதான்.
"நானூறு ரூவாய்க்கு
காதுக்கு விடுற மருந்தளவு தாறாய்."
குடித்தார். கண்ணை ஒருக்கால் மூடித் திறந்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
அன்று பின்னேரம் ஒட்டுசுட்டானுக்கு
ஒரு நீளச் சவாரி கிடைத்ததாம்.
அதை என் கோப்பியின் கணக்கில் போட்டுவிட்டார்.

தராசைக் கண்டால் எல்லோருக்கும் சிரிப்பு.
"பவுன் கடையோ பிள்ளை?"
ஓம்.
காப்பு நாலும் சங்கிலியும்தான்
அந்த மூலையில்
ஆவி விட்டுக்கொண்டு நிற்கின்றன.

அட்டையில் நான் எழுதியிருப்பது:
பதுளைக் கொட்டை.
தோடம்பழத் தோல், பனங்கட்டி, கடைசியில் கொஞ்சம் புகை.
உரக்கடைக்காரர் அதை வாசித்துவிட்டு
"தோடம்பழம் எங்க?" என்று அடிவரை தேடினார்.
அவருக்கு அது வறுத்த புளியங்கொட்டை.
தையல் வேலை செய்யும் மரியறோசுக்கு
புதுச் சீலையில் சூடான அயன் வைத்த மணம்.
கனடாவில் இருந்து வந்தவர்
அங்கே இதைவிட நல்லம் என்றார்.
இரண்டு கோப்பை குடித்தார்.

பரந்தன் பத்மலோஜினி ரீச்சர்
முதல் மிடறில் அப்படியே நின்றுவிட்டா.
"பால் விடாத கோப்பி
செத்தவீட்டில மட்டுந்தான் குடிச்சிருக்கிறன்.
இப்ப ஆர் செத்ததெண்டு
ஒருக்கா யோசிச்சுப்போட்டன்."
கடைக்குள் நாலு பேர் இருந்தோம்.
ஆளாளுக்குக் கொஞ்சநேரம் எண்ணினோம்.
பிறகு ரீச்சர்தான்
சீனி இருக்கோ என்று கேட்டா.

லீசிங் கொம்பனிப் பெடியன் பிருந்தாபன்
கொழும்பில்கூட இப்படி இல்லை அக்கா என்றான்.
நுரையில் இலை கீறியதைப் படம் எடுத்தான்.
படம் எடுத்து முடிய
குளிர்பெட்டித் தவணை இரண்டு நிற்குது என்றான்.
பாராட்டை எழுதினேன்.
தவணையையும்.

வதனரூபி வருவது இரண்டு மணிக்குப் பிறகு.
முகமாலைப் பக்கம் கண்ணிவெடி எடுக்கிற வேலை.
முழங்காலில் மணல் ஒட்டியிருக்கும்,
நெற்றியில் தலைக்கவசம் பதிந்த கோடு.
மூன்று தரம் வந்தும்
கோப்பியைப் பற்றி ஒரு சொல் இல்லை.
என் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

நாலாம் தரம் எழும்பி வந்தாள்.
"அக்கா, நீங்கள் வலப்பக்கம் கூட அமத்துறீங்கள்."
எனக்குக் கொஞ்சம் கோபம்.
இதுக்கென்று மூன்று மாதம் படித்தவள் நான்.
"மண்ணை நாங்கள் இப்பிடி அமத்தினா
வீட்ட போகேலாது,"
சந்தை விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

கையைக் கழுவிவிட்டு
தூளைச் சுட்டுவிரலால் ஒருதரம் தடவினாள்.
உருளையை வைத்தாள்.
தோள் அசையவில்லை,
மூச்சு மட்டும் மெல்லப் போனது.
இருபத்தெட்டு விநாடி.
எட்டு மாதத்தில் ஒருநாளும்
என் மெஷினில் இருந்து அப்படி ஒன்று இறங்கவில்லை,
எலிவால் தடிப்பில், தேன் நிறத்தில், விக்காமல்.

குடித்தாள்.
நான் பேனையோடு காத்திருந்தேன்.
"கசக்குது," என்றாள்.

போகும்போது சக்கையைக் கேட்டாள்,
கத்தரிக்குப் போட.
சொப்பிங் பையில் கட்டிக் கொடுத்தேன்.
மோட்டார்சைக்கிள் கைபிடியில் அது ஆடிக்கொண்டே
டிப்போப் பக்கம் போனது.

அன்றைய தாளில்
கசக்குது என்று எழுதினேன்.
அதற்குக் கீழே, என் கையெழுத்தில், எனக்கு:
வலப்பக்கம் கூட அமத்துறன்.